ஷியா வெண்ணெய்: 100 கிராம் என்றால் எத்தனை மில்லிலிட்டர்?

ஆப்பிரிக்க மரம் ஒன்றின் கொட்டைக் கொழுப்பான ஷியா வெண்ணெயைக் கொண்டு வறண்ட தோலுக்குக் களிம்போ, உதட்டுத் தைலமோ, சோப்போ சொந்தமாகச் செய்து பார்க்க முனைபவர்களை முதல் நாளே மடக்கும் கேள்வி இது. செய்முறையில் கிராம் என்று இருக்கும், கையில் இருப்பதோ கப்பும் கரண்டியும். விசாரித்தால் 100 கிராம் என்பது 100 மி.லி. என்று ஒருவர் சொல்வார். 110 மி.லி. என்பார் இன்னொருவர். 200 மி.லி.க்கு மேல் வரும் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார்.

இந்த மூன்றில் முதல் பதில் மட்டுமே தவறு. மற்ற இரண்டும் சரியானவை, ஆனால் அவை வெவ்வேறு நிலையில் இருக்கும் ஷியா வெண்ணெயைப் பற்றியவை. எந்த நிலையில் உள்ள வெண்ணெய் என்று கேட்காமல் எண்ணை மட்டும் கைமாற்றிக்கொண்டே போவதால்தான் இந்தக் குழப்பம் தீராமல் இருக்கிறது. அடிப்படை விளங்கிவிட்டால் எந்தச் செய்முறையையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

எடை வேறு, பிடிக்கும் இடம் வேறு

பத்துச் சட்டைகளை நன்றாக மடித்து அடுக்கினால் பெட்டியில் பாதிதான் நிறையும். அதே பத்துச் சட்டைகளைச் சுருட்டி எறிந்தால் பெட்டி மூடவே மூடாது. சட்டைகளின் எடை மாறவில்லை. அவை பிடித்துக்கொண்ட இடம்தான் மாறியது.

ஒரு பொருள் பிடிக்கும் இடத்தைக் கன அளவு என்கிறோம். மில்லிலிட்டர், லிட்டர், கப், கரண்டி எல்லாம் கன அளவைச் சொல்பவை. கிராம், கிலோ, பவுண்டு ஆகியவை எடையைச் சொல்பவை. இந்த இரண்டு வகைக்கும் நடுவே பாலமாக நிற்பது அடர்த்தி. ஒரு மில்லிலிட்டர் இடத்துக்குள் எத்தனை கிராம் பொருள் அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி. நெருக்கமாக அடுக்கிய பெட்டிக்கு அடர்த்தி அதிகம், சுருட்டி எறிந்த பெட்டிக்குக் குறைவு.

அடர்த்தி தெரிந்தால் கணக்கு எளிது. கிராமை அடர்த்தியால் வகுத்தால் மி.லி. கிடைக்கும். மி.லி.யை அடர்த்தியால் பெருக்கினால் கிராம் கிடைக்கும். அடர்த்தி தெரியாமல் கிராமை மி.லி.யாக மாற்ற எந்த வழியும் இல்லை. எந்தப் பொருள் என்று கேட்காமலே கிராமைக் கப்பாக மாற்றித் தரும் அட்டவணை எதையும் நம்ப வேண்டாம்.

கிராமும் மில்லிலிட்டரும் ஒன்று என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

தண்ணீரிலிருந்து வந்தது. 1795இல் பிரான்சில் மெட்ரிக் அளவுகளை வகுத்தபோது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையையே ஒரு கிராம் என்று வைத்தார்கள். ஒரு கன சென்டிமீட்டரும் ஒரு மில்லிலிட்டரும் ஒரே அளவு. ஆகவே 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 100 மி.லி.யாக இருப்பதில் வியப்பில்லை, கிராமை அமைத்ததே அப்படித்தான்.

தண்ணீருக்குப் பொருந்தியதை எல்லாப் பொருளுக்கும் நீட்டிவிட்டதில்தான் பிழை. தேன் அதே இடத்தில் தண்ணீரைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு எடை இருக்கும். கிளிசரின் 1.26 மடங்கு. எண்ணெய்களும் கொழுப்புகளும் எதிர்த்திசையில் நிற்பவை. அவை தண்ணீரைவிட லேசானவை, அதனால்தான் மிதக்கின்றன.

ஷியாவின் எண்

ஷியா வெண்ணெய் என்பது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிழக்கே உகாண்டா, தெற்கு சூடான் வரை நீளும் புல்வெளிப் பகுதிகளில் வளரும் ஒரு மரத்தின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் கொழுப்பு. அதில் பெரும்பகுதி ஸ்டீயரிக் அமிலமும் ஒலீயிக் அமிலமும் சேர்ந்து உருவானது. ஸ்டீயரிக் கெட்டித்தன்மையைத் தருகிறது, ஒலீயிக் இளக்கத்தைத் தருகிறது. இரண்டின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். கிழக்கு ஆப்பிரிக்க வகையில் ஒலீயிக் கூடுதல், அதனால் அது மேற்கு ஆப்பிரிக்க வகையைவிட மென்மையாக இருக்கும்.

இத்தனை வேறுபாடு இருந்தும் அடர்த்தி பெரிதாக அசைவதில்லை. காற்றிடைவெளி இல்லாத ஷியா வெண்ணெய்க்கு ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ 0.91 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 0.90 என்றும் 0.92 என்றும் சொல்பவர்கள் உண்டு. அந்த வேறுபாடு நூற்றுக்கு ஒன்று. கரண்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றுபோவதே அதைவிட அதிகம் இருக்கும், ஆகவே அந்த இரண்டாம் தசம இடத்துக்காக மனத்தை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

100 கிராமை 0.91ஆல் வகுத்தால் 110 மி.லி. வருகிறது. தாள் இல்லாமல் மனக்கணக்காகவே போட இதில் ஒரு வசதி உண்டு: கிராமோடு அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் மி.லி. 50 கிராமுக்கு 55, 200 கிராமுக்கு 220. திரும்பிப் போகும்போது மி.லி.யிலிருந்து பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் கிராம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

வகுப்பதா பெருக்குவதா என்று தடுமாறுபவர்கள் வெண்ணெய் மிதக்கும் என்பதை நினைத்தால் போதும். மிதக்கும் பொருள் லேசானது, லேசான பொருளுக்கு இடம் கூடுதலாக வேண்டும். ஆகவே ஷியாவுக்கு மி.லி. எண் எப்போதும் கிராம் எண்ணைவிடப் பெரியதாகவே இருக்கும். 100 கிராமுக்கு 91 மி.லி. என்று உங்களுக்கு விடை வந்தால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டீர்கள்.

இதுவரை பார்த்தது: எடையும் கன அளவும் இரண்டு வேறு சங்கதிகள், அடர்த்தி அவற்றை இணைக்கிறது, இடைவெளி இல்லாத ஷியா வெண்ணெய்க்கு அந்த எண் 0.91.

அவுன்ஸ் என்னும் பொறி

நிறையச் செய்முறைகள் அமெரிக்காவிலிருந்து வருவதால் அவுன்ஸைத் தவிர்க்க முடியாது. ஒரே பெயரில் இரண்டு அளவுகள் ஒளிந்திருக்கின்றன. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் கன அளவு, அமெரிக்கக் கணக்கில் 29.57 மி.லி. பிரிட்டனில் திரவ அவுன்ஸ் 28.41 மி.லி., எனவே பெயர் ஒன்று, அளவு மூன்று.

பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் தண்ணீரை வைத்து அமைந்தது. 1824ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பவுண்டுத் தண்ணீரின் கன அளவை ஒரு காலன் என்று நிர்ணயித்தது. அதை 160ஆகப் பிரித்தால் ஒரு திரவ அவுன்ஸ், அது ஓர் எடை அவுன்ஸ் தண்ணீரைப் பிடிக்கும். அமெரிக்காவோ 231 கன அங்குலம் கொண்ட பழைய ஒயின் காலனையே வைத்துக்கொண்டு அதை 128ஆகப் பிரித்தது. அதனால் அங்கே தண்ணீருக்குக்கூட இரண்டு அவுன்ஸும் கச்சிதமாகப் பொருந்துவதில்லை. ஷியாவுக்குப் பொருந்துவது எப்படி?

8 திரவ அவுன்ஸ் பிடிக்கும் அமெரிக்க ஜாடி ஒன்று இருக்கிறது என்போம். அதன் கன அளவு 237 மி.லி. அதில் உருக்கிய ஷியா வெண்ணெயை ஊற்றி விளிம்புவரை நிரப்பினாலும் உள்ளே போவது சுமார் 215 கிராம்தான். 8 எடை அவுன்ஸ் என்பது 227 கிராம். ஆகவே 8 எடை அவுன்ஸ் வெண்ணெய் 8 திரவ அவுன்ஸ் ஜாடியில் அடங்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜாடி வாங்குபவர்கள் மிச்சத்தை எங்கே ஊற்றுவது என்று தவிக்கிறார்கள்.

செய்முறையில் வெறும் அவுன்ஸ் என்று மட்டும் இருந்தால், மற்றப் பொருள்களைப் பாருங்கள். மெழுகும் வெண்ணெயும் பொடியும் எல்லாமே அவுன்ஸில் இருந்தால் அது பெரும்பாலும் எடை. தண்ணீர்ப் பதமானவை மட்டும் அவுன்ஸிலும் மற்றவை கப்பிலும் இருந்தால் திரவ அவுன்ஸாக இருக்கலாம். பவுண்டில் இந்தக் குழப்பமே இல்லை, அது எடை மட்டும்தான். ஒரு பவுண்டு 454 கிராம், இடைவெளி இல்லாத ஷியாவாக அது ஏறக்குறைய அரை லிட்டர்.

கப்பும் கரண்டியும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல

மெட்ரிக் கப் 250 மி.லி., அமெரிக்கக் கப் 237 மி.லி. முதலாவதில் சுமார் 227 கிராம் ஷியா பிடிக்கும், இரண்டாவதில் 215. மேசைக்கரண்டி பெரும்பாலான இடங்களில் 15 மி.லி. அதாவது ஷியாவில் 13.7 கிராம். ஆஸ்திரேலியாவில் அதே பெயருள்ள கரண்டி 20 மி.லி., அதில் 18 கிராம் பிடிக்கும். தேக்கரண்டி 5 மி.லி. என்பதால் 4.5 கிராம். சாப்பிடப் பயன்படுத்தும் கரண்டிகள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றின் அளவு செய்தவர் விருப்பம்.

காற்றுதான் பெரிய குற்றவாளி

தொடக்கத்தில் 200 மி.லி.க்கு மேல் என்றாரே மூன்றாமவர், அவர் அடித்து நுரைத்த ஷியா வெண்ணெயைப் பற்றிப் பேசுகிறார். மிக்ஸரில் அடிக்கும்போது வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் புகுந்து அங்கேயே சிறைப்படுகின்றன. கொழுப்பு பாதி இறுகிய நிலையில் இருப்பதால் குமிழிகளால் வெளியேற முடியாது. கன அளவு இரட்டிப்பாவது சாதாரணம். சுருட்டி எறிந்த சட்டைகளின் நிலைதான் இது, பொருள் அதேதான், இடையில் வெற்றிடம் வந்துவிட்டது.

100 கிராம் ஷியா கட்டியாக 110 மி.லி. இருக்கும். இரண்டு மடங்காக நுரைத்தால் 220 மி.லி. ஆகும், எடை அதே 100 கிராம்தான். இதைத் திருப்பிப் போட்டால் ஆபத்து தெரியும். 250 மி.லி. கப்பில் இடைவெளி இல்லாத ஷியா 227 கிராம் இருக்கும், நுரைத்தது சுமார் 114 கிராம்தான் இருக்கும். ஒரு கப் ஷியா வெண்ணெய் என்று செய்முறை சொல்லும்போது, எழுதியவர் எதை மனத்தில் வைத்திருந்தார் என்று தெரியாவிட்டால் பாதிக்குப் பாதி தவறிப்போகலாம். அடர்த்தி 0.91ஆ 0.92ஆ என்ற வாதம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நுரைக்காத வெண்ணெயிலும் காற்று ஒளிந்துகொள்ளும். கட்டியைச் சீவிக் கப்பில் போட்டால் சீவல்களுக்கு நடுவே காற்று நிற்கும். கரண்டியால் தோண்டி அடைத்தால் அடியில் பொந்துகள் விழும், மேலே பார்த்தால் நிறைந்திருப்பது போலத் தெரியும். வெண்ணெய் கடினமாக இருக்கும் குளிர்நாளில் இது மோசமாகும். மென்மையான கிழக்கு ஆப்பிரிக்க வகை இடைவெளி விடாமல் அமரும், கடினமான வகை அமராது. இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் கரண்டியில் எடுத்த அளவுகள் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

சுருங்கச் சொன்னால், 0.91 என்ற எண் வெண்ணெய்க்கு மட்டும் உரியது. கப்பில் இருப்பதில் எவ்வளவு வெண்ணெய், எவ்வளவு காற்று என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது.

உருக்கினால் மாறுமா?

எடை மாறாது, கன அளவு கொஞ்சம் கூடும். சூடாகும்போது கொழுப்பின் மூலக்கூறுகள் விலகி நிற்பதால் அடர்த்தி 0.9க்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. இதை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். உருக்கிய வெண்ணெயை ஜாடி நிறைய ஊற்றி இறுகவிட்டால் நடுவில் ஒரு குழி விழும். ஓரம் முதலில் இறுகுகிறது, நடுப்பகுதி கடைசியில் சுருங்குகிறது, சுருங்கிய இடம் பள்ளமாகிறது. வெண்ணெய் எங்கும் போய்விடவில்லை.

ஷியாவில் பலவகைக் கொழுப்புகள் கலந்திருப்பதால் அது ஒரே வெப்பத்தில் சட்டென்று உருகுவதில்லை. ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கிப் படிப்படியாக உருகும். கப்பால்தான் அளந்தாக வேண்டும் என்றால் உருக்கி அளப்பதே என் பரிந்துரை. வெப்பத்தால் வரும் பிழை நூற்றுக்கு இரண்டோ மூன்றோ. பொந்துகளால் வரும் பிழை இருபதையும் தாண்டலாம்.

எங்கே கப் போதும், எங்கே தராசு வேண்டும்?

கப்பால் அளக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்பவர்களுடன் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஷியா, தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் என்று கொழுப்புகள் மட்டும் கலக்கும் எளிய களிம்புக்கு உருக்கிய நிலையில் கப்பால் அளந்தாலும் விகிதம் கெடாது. இவற்றின் அடர்த்தி எல்லாம் 0.90க்கும் 0.93க்கும் நடுவே நெருங்கி நிற்பவை. எல்லாம் ஒரே அளவு விலகினால் பங்கு அப்படியே இருக்கும். களிம்பு கொஞ்சம் இறுகலாம், கொஞ்சம் இளகலாம், யாருக்கும் கெடுதல் இல்லை.

தண்ணீர், கிளிசரின், தேன், பொடி வகைகள், கெடாமல் காக்கும் மருந்துகள் சேரும்போது நிலைமை மாறுகிறது. ஒவ்வொன்றின் அடர்த்தியும் வேறு. லோஷன் செய்முறைகள் சதவீதத்தில் இருக்கும், அந்தச் சதவீதம் எடையைக் குறிப்பது. 200 கிராம் லோஷனில் 20 சதவீதம் ஷியா என்றால் 40 கிராம், 40 மி.லி. அல்ல.

சோப்பில் விட்டுக்கொடுக்கவே முடியாது. சோப்பு என்பது கொழுப்பும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்து உண்டாவது. இத்தனை கிராம் கொழுப்புக்கு இத்தனை கிராம் சோடா என்பது வேதியியல் போட்ட கணக்கு. சோடா மிஞ்சினால் தோலை எரிக்கும். அதனால் வழக்கமாக 5 சதவீதம் கொழுப்பு வினையாகாமல் மிஞ்சும்படி சோடாவைக் குறைத்தே போடுவார்கள். கிராமும் மி.லி.யும் ஒன்று என்று நினைத்து எல்லாக் கொழுப்பையும் மி.லி.யில் அளந்தால் கொழுப்பு 8, 9 சதவீதம் குறைந்துபோகும். பாதுகாப்புக்காக விட்ட 5 சதவீதம் அதிலேயே கரைந்து, மேலும் சோடா மிஞ்சி நிற்கும். சோப்பு செய்ய நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது தராசு. அது வரும்வரை சோப்பைத் தள்ளிப்போடுங்கள்.

உங்கள் கப்புக்கு உங்கள் எண்

தராசு இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் எடை போட அலுப்பாக இருக்கிறது என்றால் ஒரே ஒரு முறை மெனக்கெடலாம். காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். தண்ணீர் நிரப்பி எடை பாருங்கள், அந்தக் கிராம் எண்தான் உங்கள் கப்பின் உண்மையான மி.லி. கப்பின் மேல் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டியதில்லை. பிறகு கப்பை நன்கு துடைத்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் விதத்திலேயே ஷியாவை நிரப்பி எடை பாருங்கள். உருக்கி ஊற்றுபவரானால் உருக்கி, நுரைத்து எடுப்பவரானால் நுரைத்து. வந்த எடையைக் கப்பின் மி.லி.யால் வகுத்தால் உங்கள் வெண்ணெய்க்கும் உங்கள் கைப்பழக்கத்துக்கும் உரிய எண் கிடைக்கும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஊரார் சொல்லும் எண் எதைவிடவும் அது உங்களுக்கு உதவும்.

தராசே இல்லாவிட்டால்

இதற்கும் வழி இருக்கிறது, அதுவும் ஷியா மிதக்கும் பொருள் என்பதால் மட்டுமே. மி.லி. கோடுகள் போட்ட பெரிய அளவுக் குவளையில் 300 மி.லி.வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். உருகாத ஷியாக் கட்டிகளை அதில் மெல்லப் போடுங்கள். தண்ணீர் மட்டம் ஏறும்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. மட்டம் 300லிருந்து 400க்கு ஏறினால், விலகிய தண்ணீர் 100 மி.லி., அதாவது 100 கிராம். ஆகவே மிதந்துகொண்டிருக்கும் வெண்ணெயும் 100 கிராம். அடர்த்தியைப் பற்றி எதுவும் தெரியாமலே எடை கைக்கு வந்துவிட்டது. இப்போது மெல்லிய குச்சியால் கட்டிகளை முழுவதும் அமுக்கிப் பாருங்கள். மட்டம் 410ஐத் தொடும். ஏறிய 110 மி.லி.தான் வெண்ணெயின் கன அளவு. முதலில் கிடைத்த 100ஐ இந்த 110ஆல் வகுத்தால் 0.91 உங்கள் கண்முன்னே வரும்.

கட்டிகள் அடியைத் தொடாமலும் ஓரத்தில் சிக்காமலும் தாராளமாக மிதக்க வேண்டும். குவளையின் கோடுகள் இடைவெளி விட்டு இருப்பதால் 50 கிராமுக்குக் கீழே இந்த முறை நம்பகமாக இருக்காது. அளந்து முடித்ததும் கட்டிகளைச் சுத்தமான துணியால் ஒற்றி நன்றாக உலரவிடுங்கள். தண்ணீர் சேராத களிம்புக்குள் சில துளி ஈரம் போனாலும் கிருமிகள் வளர இடமாகிவிடும்.